மூன்றாவது இலை

எங்கள் இயந்திரம் நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் காணோம் என்றது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், உண்டு உறங்கி நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இருந்திருக்க வேண்டிய இடம் கொம்புமலை ஆட்டக்கூடம் என்பது இயந்திரத்தின் வாதம். அங்கே அவர்கள் இல்லை. ஏன் இல்லை என்று இருபத்தொரு நாளுக்குள் ஓர் ஆய்வாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சொல்லாவிட்டால், கூடத்தின் எல்லா மேசைகளையும் இயந்திரமே பூட்டிவிடும். பூட்டினால் திறக்க இரண்டு வருடமாவது ஆகும். சேலத்தில் உட்கார்ந்தபடியே கேமராவில் தேடிப் பார்த்ததில் பதினாறு நாள் போய்விட்டது.

நான் மலைக்குடி ஆட்டக்கூட ஒழுங்காணையத்தில் மூத்த ஆய்வாளர். பெயர் வர்ஷினி. மலைக்குடிகள் தங்கள் சொந்த நிலத்தில் சீட்டு, சக்கரம், பகடை எல்லாம் வைத்துக் கூடம் நடத்தலாம், வருமானம் ஊருக்கே என்ற சட்டம் வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு குடிக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட ஆணையம் உண்டு. அவர்கள்தான் முதல் காவல். அவர்களுக்கு மேலே நாங்கள், பதினேழு மலைகளுக்கு நாற்பத்தாறு பேர். என் சொந்தக்காரர்கள் என்னைச் சூதாட்டக் கிளப்பின் வாட்ச்மேன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தீபாவளிக்கு மாமனார் வீட்டில் சீட்டுக்கட்டைப் பிரித்தால்கூட நான் எழுந்து மாடிக்குப் போய்விட வேண்டும் என்று எங்கள் விதி சொல்கிறது. பதினான்கு தீபாவளியாக நான் மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த அளவுக்கு யோக்கியமான வேலை வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

எங்கள் இயக்குநர் ஜெபசிங் சார் நாகர்கோவில்காரர். அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு உத்தரவை நீட்டினார்.

“நீங்களே நேர்ல போங்க. மூணு நாள். யாரு என்ன சொல்லுதாங்கன்னு இங்கிருந்து நான் ஒண்ணும் சொல்லி அனுப்ப மாட்டேன். சொல்லி அனுப்பினா அது ஆய்வு இல்ல.”

“சரி சார்.”

கதவுவரை போனவளைத் திரும்பவும் கூப்பிட்டார். “மத்தியானச் சாப்பாடு கையில கொண்டு போவீங்களா, அங்கயே சாப்பிடுவீங்களா?”

இந்த மனிதருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். “அங்கயே பாத்துக்கறேன் சார். சாதாரணச் சாப்பாடு விதிப்படி தப்பில்ல.”

“தப்பில்ல,” என்று கோப்பைத் திறந்துகொண்டார்.

கொம்புமலை ஆட்டக்கூடத்தைப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள். கண்ணாடி மாளிகை இல்லை. நீளமான ஓட்டுக் கட்டடம், ஆற்றுக் கல் தரை, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள். காலை பத்துக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். சுற்றுலாப் பேருந்துகள் மேலே வந்து சேர மதியம் இரண்டாகும். கூட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்களுடைய ஆணையத்தின் தலைவர் மருதி வாசலுக்கே வந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பது. கோயம்புத்தூரில் சட்டம் படித்தவர். கூடத்தை நடத்தும் மேலாளர் பெள்ளன் அவருடைய சொந்த அண்ணன். ஆனால் இருவரும் கூடத்துக்குள் பேசிக்கொள்வது எழுத்தில்தான். மூன்று வருடத்துக்கு முன் ஏதோ விதியை மீறினார் என்று அண்ணனையே ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தவர் இந்த மருதி. அந்தக் கோப்பை நான் படித்திருந்தேன். எந்த விதி என்பதை மட்டும் ‘குடியின் உள்விதி’ என்று எழுதி முடித்திருந்தார்கள்.

முதல் நாள் காலை முழுக்க நான் சல்லடை போட்டுத் தேடினேன். பழைய சீட்டுக்கட்டுகள் ஒவ்வொன்றிலும் நடுவில் துளை போட்டு, எண்ணி, முத்திரை வைத்திருந்தார்கள். சீட்டுப் போடும் பெண்கள் மேசையை விட்டு எழும்போதெல்லாம் இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்குக் காட்டினார்கள். கேமரா அறையில் வேலை செய்பவர்கள் மேசைக்காரர்களோடு ஒரே வண்டியில்கூட ஏறுவதில்லை. ரகசிய அறை எதுவும் இல்லை, பூட்டிய கதவு எதுவும் இல்லை. பதினேழு மலைகளில் இப்படி ஒரு கூடத்தை நான் பார்த்ததில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே தொங்கிய தண்டவாளத் துண்டில் யாரோ மூன்று தட்டு தட்டினார்கள். சக்கரங்கள் நின்றன. மேசைகளில் துணி விழுந்தது. ஆட வந்தவர்கள், சீட்டுப் போடுபவர்கள், பெருக்குபவர்கள், எல்லோரும் பின்கட்டில் இருந்த ஒரே அடுப்படிக்கு நடந்தார்கள். மந்தார இலையைத் தைத்துப் போட்டு, சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். யாரும் காசு கொடுக்கவில்லை. நான் நீட்டியதையும் வாங்கவில்லை.

“மதியம் இந்த இடத்துல இருக்கறவங்களுக்கு இலை உண்டுங்க,” என்றார் மருதி. “கூடம் வர்றதுக்கு முன்னாடியே உள்ள வழக்கம்.”

அடுப்புக்கு மேலே பரணில், புகை படிந்து கறுத்துப்போன ஓர் இலை மேல் இன்னோர் இலை கவிழ்த்து நூலால் கட்டி வைத்திருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“ஒருத்தர் பாக்கி வெச்சுட்டுப் போனது,” என்று சொல்லிவிட்டு மருதி பேச்சை மாற்றினார். “உங்க இயந்திரத்தப் பத்திச் சொல்லுங்க. நோட்டீஸ்ல இருக்கற தமிழ் எனக்கே புரியல.”

“ஒவ்வொரு கூடத்துக்கும் இயந்திரத்துக்குள்ள ஒரு ஜோடிக் கூடம் இருக்குங்க. நிகர்க்கூடம்னு பேரு. இங்க ஒருத்தர் ரெண்டு தடவை வந்து ஆடினாப் போதும். எப்ப கை நடுங்குது, தோத்தா எந்திரிச்சுப் போறாரா, இல்ல நாற்காலிய இன்னும் பக்கத்துல இழுத்துப் போடறாரா, எல்லாம் அதுக்குத் தெரிஞ்சுரும். அதவெச்சு அவர மாதிரியே ஒருத்தர அங்க ஆட விடும். அந்த ஜோடி ஆளு எப்ப வர்றாரோ, நிஜ ஆளும் பெரும்பாலும் அப்பத்தான் வருவாரு.”

“வரலேன்னா?”

“ஒருத்தர் ரெண்டு பேர் வரலேன்னா பரவால்ல. நானூறு பேர் வரலேன்னா, அவங்கள வேற எங்கயோ எங்களுக்குத் தெரியாம ஆட வெக்கறாங்கன்னு அர்த்தம்.”

“வேற அர்த்தமே கெடையாதுங்களா?”

“இதுவரைக்கும் எந்த மலையிலயும் வரல.”

மருதி என் இலையைப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்குங்க,” என்றார்.

இரண்டாம் நாள் காலை நான் நிகர்க்கூடத்தின் பதிவுகளைத் திறந்து, அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வரிகளை ஒன்றுவிடாமல் படித்தேன். அதுவரை யாரும் அதைச் செய்யவில்லை. எண்ணிக்கைதானே முக்கியம் என்று விட்டிருந்தார்கள்.

ஒவ்வொருவரும் நிஜக் கூடத்துக்கு நாலைந்து தடவை வந்து, அதோடு நின்றுவிட்டவர்கள். ஆனால் இயந்திரத்துக்குள் அவர்களுடைய ஜோடிகள் நிற்கவில்லை. முப்பது தடவை, எழுபது தடவை, நூற்று நாற்பது தடவை வந்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். சிலருடைய வரி பாதியில் முடிந்து பக்கத்தில் ஒரு குறியீடு இருந்தது. ஏழு. எங்கள் அலுவலகத்தில் அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ஆடுபவர் தன் கையாலேயே தன் உயிரை முடித்துக்கொள்வார் என்று இயந்திரம் நினைக்கும்போது போடும் எண் அது.

முப்பத்தொரு பேருக்கு ஏழு இருந்தது. முதல் வரியில் ஈரோட்டு ஜவுளிக்காரர் லோகநாதன், வயது ஐம்பத்திரண்டு. அறுபத்தோரு தடவை வந்தபின் ஏழு.

அடுத்ததாக, ஆடக்கூடாதென்று தடுத்தவர்களின் பெயரை எழுதும் ‘விலக்கப்பட்டோர் பதிவேடு’. சட்டப்படி ஒவ்வொரு கூடமும் வருடா வருடம் எங்களுக்கு அனுப்ப வேண்டியது. கொம்புமலை ஒன்பது வருடமாக ‘இல்லை’ என்று அனுப்பியிருந்தது. ஒன்பது வருடத்தில் ஒருவரைக்கூடத் தடுக்காத கூடம் இருக்க முடியுமா? எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுத்தமாக இருப்பவர்கள் இதில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மருதியிடம் நேராகக் கேட்டேன். “நீங்க யாரையும் விலக்கவே இல்லையா?”

“இல்லீங்க. ஒருத்தரையும் விலக்கல.”

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். பதினான்கு வருடத்தில் பொய் சொல்லும் கண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தண்டவாளம் ஒலித்தது. நானும் போய் உட்கார்ந்தேன். குழம்பு வாளியோடு ஒரு பெரிய மனிதர் வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. என் இலைக்கு முன்னால் அவர் குனிந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். காலையில் திரையில் பார்த்த அதே முகம். என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் நிகர்க்கூடத்தில் செத்துப்போன லோகநாதன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“நீங்க இங்க எதுக்கு வந்தீங்க?”

“பெள்ளன் மக சீருக்குங்க. நாளன்னிக்கு. நான் மாமன் முறை, முன்னாடியே வந்தாகணுமில்ல.”

“நீங்க இங்க ஆடினவர்தானே?”

சிரித்தார். “ஆடினேனுங்க. மொதத் தடவ தோத்தேன். ரெண்டாவது ஜெயிச்சேன். அப்புறம் அடிவாரத்துலயே ரூம் எடுத்துட்டேன். பத்து மணிக்கு கேட் தொறக்கறப்ப நாந்தான் மொத ஆளு. மூணாவது மத்தியானம் சாப்புட்டு எந்திரிச்சா, இந்த மருதி அம்மணி சொம்புல தண்ணி கொண்டாந்து என் கையில ஊத்தி, ‘மாமா, நல்லாச் சாப்புட்டீங்களா’ன்னுச்சு. மரியாத பண்றாங்கன்னு நெனச்சேன். திரும்ப மேசைக்குப் போனா, சீட்டுப் போடற புள்ள சீட்டக் கவுத்து வெச்சுட்டுது. ‘மாமங்கிட்ட ஜெயிக்கற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க’ன்னுச்சு.”

“என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? கத்துனேன். செருப்பக் கழட்டி எறிஞ்சேன். அத எடுத்துட்டு வந்து குடுத்ததும் இந்த அம்மணிதான். ஒரு வருசம் இவங்க பேரக் கேட்டாலே எனக்கு ஆகாது.”

“வேற மலைக்குப் போயிருக்கலாமே?”

“போனேன். ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் பெள்ளன் எங்கூடவே பஸ் ஏறி வந்து, கேட்டுக்கு வெளிய உக்காந்துட்டாரு. உறவுக்காரன தனியா விடக்கூடாதாமா. ஒரு டீ கூடக் குடிக்கல. மனுசன் வெயில்ல உக்காந்திருக்கறதப் பாத்துட்டு உள்ள எப்படிங்க ஆடறது?” வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிச்சோம்.”

அவருடைய வரியில் இருந்த எண்ணை நான் அவரிடம் சொல்லவில்லை. எந்த மனிதரிடமும் சொல்லக்கூடியது அல்ல அது.

மருதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணருகே நின்றிருந்தார். நான் அவரிடம் போனேன்.

“மூணு மத்தியானம் எங்க அடுப்புல சாப்புட்டவங்க எங்க உறவுங்க,” என்றார். “உறவுக்காரங்ககிட்ட ஆடி ஜெயிக்கக்கூடாது. ரெண்டு மணி பஸ்ல வந்து ஆடிட்டுப் போறவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. காலைலயே வந்து மத்தியானமும் மேசைய விட்டுப் போக முடியாதவங்கதான் மூணு எலை சாப்புடுவாங்க.”

“இத நீங்க பதிவேட்டுல எழுதியிருக்கணும்.”

“தலைப்பு என்னங்க? விலக்கப்பட்டோர். உறவாச் சேத்துக்கிட்டவங்கள விலக்குனதா எப்படி எழுதறது? எழுதினா அவங்க கல்யாணத்துக்கு வருவாங்களா?”

“சரி, உறவுதானே? வேலை செய்யறவங்களோட உறவுக்காரங்க யாரும் இங்க ஆடக்கூடாதுன்னு விதி இருக்கு. அதுக்குத் தனியா உறவினர் படிவம் இருக்கே. அதுல எழுதியிருக்கலாமே.”

மருதி முதல் தடவையாகத் தயங்கினார். “அதுல பத்துக் கட்டம்தாங்க இருந்துச்சு. வயசுல மூத்த பத்துப் பேர எழுதி அனுப்பிட்டோம்.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒன்பது வருடமாக, எங்கள் அலுவலகத்தில் எவனோ அச்சடித்த படிவத்தில் பத்துக் கட்டம் இருந்ததால், ஒரு குடி தன் நானூற்றுச் சொச்சம் உறவினர்களை மறைத்துவைத்த குற்றவாளியாகிவிட்டது. கூடுதல் தாள் இணைக்கலாம் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதை நானே அன்றைக்குத்தான் படித்தேன்.

மூன்றாம் நாள் காலை பெள்ளன் என் விடுதி வாசலில் நின்றிருந்தார்.

“இந்த வழக்கத்துல நாங்க எழந்தது கொஞ்சமில்லீங்க மேடம். நல்லா ஆடறவங்க எல்லாரும் மாமன் மச்சான் ஆயிடறாங்க. கூடத்துக் காசுல கட்டற எங்க ஆசுபத்திரி ரெண்டாவது மாடி இன்னும் கம்பியாத்தான் நிக்குது. நானே ஒரு தடவ பொறுக்க மாட்டாம ஒருத்தர ஆட விட்டேன். தங்கச்சி ஆறு மாசம் என்ன வீட்டுல உக்கார வெச்சுட்டா.”

“படிச்சேன்.”

“கூடம் பூட்டுனா ஆசுபத்திரி நின்னுரும். எங்க புள்ளைங்களுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. எலும்பு மஜ்ஜைய மாத்தற வைத்தியம், ஆரமிச்சா நடுவுல விடக்கூடாது. பதினோரு புள்ளைங்க இப்ப நடுவுல இருக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுல ஒண்ணு மருதி மக. அவ உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா.”

சொல்லவில்லை. இரண்டு நாள் என் கூடவே இருந்தவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“இன்னிக்கும் எங்ககூட சாப்புடுங்க மேடம்,” என்றார் பெள்ளன். “மூணாவது எலை. அப்புறம் நீங்க எங்க ஆளு. உறவுக்காரங்க கெடுதல் எழுத மாட்டாங்க.”

பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முந்தின நாள் மாலையே நான் சட்டத்தைப் படித்துவிட்டேன். எங்கள் சட்டத்தில் ‘உறவு’ என்பதற்கு விளக்கம் ஒரே வரி: ‘அந்தக் குடி தன் வழக்கப்படி யாரை உறவாகக் கொள்கிறதோ அவர்.’ ரத்தம் என்றோ தாலி என்றோ ஒரு சொல் இல்லை. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அந்த ஒரு வரி நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் காப்பாற்றும். ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கூடத்துக்கு உறவான ஆய்வாளரின் கையெழுத்து செல்லாது.

கூடத்துக்குள் போனதும் மருதியிடம் சொன்னேன். “உறவாக்கற வழக்கத்த நேர்ல பார்த்தேன்னு நான் எழுதணும். இன்னிக்கு யாருக்காவது மூணாவது மதியமா?”

“ஒரு அக்காவுக்கு. ஆம்பூர்லேருந்து வந்திருக்காங்க.”

“அப்ப மத்தியானம் நான் இங்க இருந்தாகணும்.”

“இருந்தா எலை போட்டாகணும்.” அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. “நீங்க சாப்புட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுங்க. நானும் சட்டம் படிச்சவதான்.”

“சாப்பிட்டா நான் உறவு, என் கையெழுத்து செல்லாது. வேற ஆய்வாளர் வந்து பார்க்க நாளும் இல்ல. சாப்பிட்டுட்டு, இது வெறும் சோறுதான், உறவெல்லாம் இல்லன்னு நான் சொன்னா, அந்த நானூத்திப் பன்னெண்டு பேரும் உறவில்லன்னு ஆயிடும்.”

“எலை போட்ட பெறகு தொடாம எந்திரிச்சா எங்க வழக்கத்துல என்ன அர்த்தம்னு தெரியுங்களா?”

“சொல்லுங்க.”

“உங்களோட எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்லேன்னு அர்த்தம். அடுத்த ஊர்க்காரங்க அப்படி எந்திரிச்சா ரெண்டு தலமொறைக்குப் பேச்சு வார்த்த இருக்காது.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “சாப்புடுங்கன்னும் சொல்ல மாட்டேன். வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ரெண்டும் நான் சொல்லக்கூடாது.”

தன் மகளின் உயிர் ஒரு பக்கம் இருக்க, ஒரு பெண் இப்படி நின்று பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிடம் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. ஆய்வாளர் கும்பிடக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குத் தண்டவாளம் ஒலித்தது.

ஆம்பூர்க்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆசிரியர், பெயர் சுகாசினி. சாப்பிடும்போதே கண் மேசைப் பக்கம்தான் இருந்தது. அவருக்கு எதிர் வரிசையில் எனக்கு இலை விழுந்தது. லோகநாதன் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். மறுநாள் சீருக்கென்று வந்திறங்கிய பூசணியில் வைத்த பொரியலும் ஒரு கரண்டி வைத்தார்.

“நல்லாச் சாப்புடுங்க அம்மணி. மூணாவது நாளு,” என்றார் சந்தோஷமாக.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். காலையில் ஒரு டீயோடு வந்திருந்தேன். பசி காதை அடைத்தது.

சுகாசினி சாப்பிட்டு எழுந்தார். மருதி சொம்புத் தண்ணீரை அவர் கையில் ஊற்றி, “அக்கா, நல்லாச் சாப்புட்டீங்களா?” என்றார். அவர் தலையாட்டிவிட்டு மேசைக்கு ஓட்டமாகப் போனார். சீட்டு கவிழ்ந்தது. சீட்டுப் போடும் பெண் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

சுகாசினி கத்தியது பின்கட்டுவரை கேட்டது. “யாரு உனக்கு அக்கா? மூணு நாளா நான் தோத்தப்ப எல்லாம் அக்கா இல்லையா? இன்னிக்குத்தான் எனக்குத் திரும்ப வரும்னு தெரிஞ்சு நிறுத்தறீங்க.” கூடத்து வாசல் வழியே திரும்பி என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க கவர்மெண்டுதானே. கேக்க மாட்டீங்களா?”

“பார்த்துட்டுத்தான் இருக்கேன்,” என்றேன்.

மருதி அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு பஸ், வீட்டில் யார் யார் என்று மட்டும் கேட்டார். மறுநாள் மகளுக்குச் சீர் இருந்தும் பெள்ளன் தோளில் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார், ஆம்பூர்வரை போகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்த அழுகையில் கோபம்தான் அதிகம் இருந்தது. நன்றியெல்லாம் வர வருடக்கணக்காகும், வராமலும் போகலாம். இவர்கள் அதை எதிர்பார்த்துச் செய்வதாகவும் தெரியவில்லை.

எனக்கு வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. என் இலைக்கு முன்னால் கை கூப்பிவிட்டு எழுந்தேன்.

அடுப்படியில் பேச்சு நின்றது. லோகநாதனின் முகம் சுருங்கிப்போனது. “ஏனுங்க, குழம்பு நல்லாயில்லீங்களா?” என்றார். சீட்டுப் போடும் பெண்கள் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதினான்கு வருடத்தில் நான் எத்தனையோ கூடங்களைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறேன். அன்றைக்குப்போல் எங்கும் கூசி நின்றதில்லை.

மருதி வந்தார். தொடாத இலை ஆட்டுக்குத்தான் போகும். அவர் அதை அப்படியே இரு கையாலும் எடுத்தார், இன்னோர் இலையைக் கவிழ்த்து மூடினார், நூலைச் சுற்றிக் கட்டினார். பரண்மேல் அந்தக் கறுத்த இலைக்குப் பக்கத்தில் வைத்தார். மறுத்த இலை பாக்கி இலையாகிவிட்டது. மற்றவர்கள் மூச்சுவிட ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். அடிவாரத்தில் நான்கு பரோட்டா தின்றும் பசி அடங்கவில்லை.

மறுநாள் சேலத்தில் உறவினர் படிவத்தோடு பதினெட்டுக் கூடுதல் தாள்களை இணைத்தேன். சுகாசினியோடு சேர்த்து நானூற்றுப் பதின்மூன்று பெயர். வழக்கத்தை நேரில் கண்டேன், நான் இந்தக் குடிக்கு உறவு அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. இயந்திரம் தாள்களை விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, காணாதவர் எவரும் இல்லை என்றது. பூட்டு உத்தரவு ரத்தானது.

ஜெபசிங் சார் அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தார். தன் கையெழுத்தையும் போட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“எத்தன வேள சாப்பிட்டீங்க?”

“ரெண்டு சார்.”

“மூணாவது?”

“எந்திரிச்சுட்டேன்.”

தலையை மெல்ல ஆட்டினார். “அடுப்புக்கு மேல பரண்ல ஒரு எலை இருக்குமே. கட்டி வச்சது. கறுத்துப் போயிருக்கும்.”

“இருக்கு சார். யாரோ வெச்ச பாக்கின்னாங்க,” என்றேன்.

“அது என்னோடது,” என்றார். “பதினஞ்சு வருசம் ஆச்சு. அப்ப கூடமே கெடையாது. விதி எழுதுத குழுவுல நான் கடைசி ஆளு, மலை மலையாப் போய்க் கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க. அந்தப் புள்ள மருதி அப்பத்தான் படிச்சு முடிச்சிருந்துது. மூணாவது எலைக்கு என்ன அர்த்தம்னு அவதான் சொன்னா. உறவுக்கு விளக்கம் எழுதுதவன் அவங்களுக்கு உறவா இருந்தா நாளைக்கு எவனாவது கோர்ட்டுல கேப்பான் பாத்தீங்களா? எந்திரிச்சுட்டேன். கீழ வந்து அந்த ஒரு வரிய எழுதுனேன்.”

“சார், இதெல்லாம் முதல்லயே சொல்லியிருந்தா…”

“சொல்லியிருந்தா நீங்க டிபன் பாக்ஸ் கொண்டு போயிருப்பீங்க. மூணாவது எலையிலேருந்து நீங்களா எந்திரிச்சாத்தான், உறவு இல்லன்னு நீங்க எழுதுததுக்கு மதிப்பு.”

மேசை இழுப்பறையிலிருந்து நாட்காட்டியை எடுத்துக் காட்டினார். மார்ச் முப்பத்தொன்றில் ஓய்வு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரே ஒரு குறிப்பு, பன்னிரண்டரை.

“அன்னிக்கு வெறும் வயித்தோட போகணும்,” என்றார். அந்தக் கண்டிப்பான முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. “அப்புறம் நான் அந்தக் கூடத்துல ஒரு கை சீட்டுக்கூட ஆட முடியாது தெரியுமில்ல?”

எனக்கு ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது வருடம் இருக்கிறது. அதுவரை அந்த மலைக்கு யாராவது ஓர் அந்நியர் கையெழுத்துப் போட வேண்டும், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். போன மாதம் மருதியிடமிருந்து ஆண்டறிக்கை வந்தது. உறவினர் படிவத்துடன் இருபது கூடுதல் தாள்கள். கடைசித் தாளில், கடைசிக் கட்டத்தில், பெயர் எழுதாமல் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்கள். குறை என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் முறை. நான் ஒன்றும் எழுதாமல் கோப்பில் சேர்த்துவிட்டேன்.